முதல் வியாழன்

நவம்பரின் முதல் வியாழன்.
லைபீரியா முழுக்க நன்றி சொல்ல விடுமுறை.
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
கழுத்து மடங்கி நிற்கின்றன.
வங்கி மூடல், பள்ளிக்கூடம் மூடல்.
எங்கள் தகரக்கூரைக் கோவில் மட்டும்
விடிந்ததிலிருந்து வாய் மூடவில்லை.

நான் ஏலக் கணக்கு எழுதுகிறவள்.
ஒன்பது வருடமாய் ஒரே நோட்டு.
இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் தொகை,
நடுவில் பேர்.
ஸ்தோத்திரத்துக்கு இதில் கட்டம் கிடையாது.

பீடத்தின் முன்னால் காணிக்கை குவிந்திருக்கிறது:
வாழைத்தார், மண் உதறாத மரவள்ளி,
குடுவைகளில் செம்பனை எண்ணெய்,
முள்முடி சூடிய அன்னாசிகள்,
வோன்யீ கொண்டுவந்த முழு மூட்டை அரிசி.
அதன் நிழலில்
ஒரு கிண்ணம் மிளகாய். என்னுடையது.

ஆகஸ்ட் மழை என் பின்சுவரைக் கொண்டுபோனது.
செப்டம்பரில் துறைமுக எடைமேடை வேலைக்கு
இரண்டு பேர் மனுப்போட்டோம்.
ஒரு மேசைதான் இருந்தது.
இன்று அவள் எனக்கு நேர் பின்வரிசையில்.
அவள் பவுடர் வாசனை
என் பிடரியில் உட்கார்ந்திருக்கிறது.

காலைக் கட்டிப்போட்ட சேவல்
பிரசங்கத்தின் நடுவே மூன்று தரம் கூவியது.
யார் யாரை மறுதலித்தது என்று
பின்னாலிருந்த பையன்கள் சிரித்தார்கள்.
போதகரும் சிரித்துவிட்டார்.

பிறகு ஏலம்.
டீக்கன் கார்சுவா என் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்தார்:
"மிளகாயா இது? பெந்தெகொஸ்தே அக்கினி!
யாருக்கு நாக்கில் தைரியம்?"
வோன்யீ கை தூக்கினாள்.
நூறு டாலர்.
வாங்கியதைத் திரும்பப் பீடத்தில் வைத்தாள்.
மறுபடி ஏலம், மறுபடி அவள் கை.
நூற்றைம்பது. இருநூறு.
வழக்கம்தான் இது, எல்லோரும் செய்வதுதான்.
ஆனால் என் மிளகாய்க்கு எதிரே
அவள் பேரை
என் கையாலேயே ஐந்து தரம் எழுதவேண்டியிருந்தது.
ஐந்தாவது தரம் பேனா தாளைக் கிழித்தது.

"தேசத்துக்காக," என்றார் போதகர்,
"எல்லோரும், உரத்து, ஒரே நேரத்தில்."
கூரை அதிர்ந்தது.
ஒருத்தி, காய்ச்சல் இறங்கிய பிள்ளைக்காக.
ஒருவன், காணாமல்போய்த் தானே திரும்பிய ஆட்டுக்காக.
ஜாங்கர் எதற்காகவும் கேட்கவில்லை.
யுத்தத்தில் போனவர்களின் பேர்களை மட்டும் சொன்னார்,
வருடா வருடம் சொல்லும் அதே வரிசையில்,
இளையவனில் தொடங்கி.

நானும் வாய் திறந்தேன்.
வந்ததெல்லாம் கூட்டல்:
எண்ணெய் நாலாயிரம், வாழை தொள்ளாயிரம்.
கர்த்தரே, சுவர்.
கர்த்தரே, தகரம் ஒரு தாள் என்ன விலை.

அப்போது பின்னாலிருந்து
தெளிவாக, அவள் குரலில்,
"டிகோன்ட்டி."
என் பேர். எதற்கும் ஒரு காலமுண்டு
என்று பாஸா மொழியில் அர்த்தம்.
"ஆண்டவரே, டிகோன்ட்டியை..." என்றாள்.
அதற்குள் ரயில் வந்துவிட்டது.

விடுமுறை தெரியாதது
இரும்புத்தாது ரயில் ஒன்றுதான்.
நிம்பா மலையைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஏற்றிக்கொண்டு
கோவில் சுவரை உரசுகிற மாதிரி கடலுக்குப் போகும்.
ஜன்னல், பெஞ்சு, பல் எல்லாம் நடுங்கின.
முன்னூறு வாய்கள் அசைவது தெரிந்தது,
ஒன்றும் கேட்கவில்லை.
கண்ணை மூடிப் பெட்டிகளை எண்ணினேன்.
வேறென்ன செய்வது.
எண்பத்திரண்டு.
கடைசிப் பெட்டி போனபோது
சபை ஆமென் சொல்லிக்கொண்டிருந்தது.
நானும் சொன்னேன்,
எதற்கென்று தெரியாமலே.

டிகோன்ட்டியை என்ன?
மன்னியுமா, காப்பாற்றுமா,
என் முதுகிலிருந்து அகற்றுமா?

பணம் கட்ட வந்தவளிடம் கேட்டிருக்கலாம்.
கசங்கிய நோட்டுகளை நீவி அடுக்கினாள்.
மிளகாய்க் கிண்ணத்தை இடுப்பில் அணைத்திருந்தாள்.
"ரொம்பக் காரமா?"
"காரம்தான்."
"நல்லது," என்றாள்.
நின்றாள். போனாள்.

சேவலை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள்.
பையன்கள் தண்டவாளம் வரை துரத்திப் போனார்கள்.
பெஞ்சுகளை இழுக்கும் சத்தத்தில்
இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.
இருபது டாலர் அதிகம் நின்றது.

ஒன்பது வருடத்தில் இப்படி ஆனதில்லை.
எங்கிருந்து வந்தது என்று
தேடாமல்
நோட்டை மூடினேன்.